சாமான் வாங்க வந்தவர்கள் கடையையே எப்படி எடுத்துக்கொண்டார்கள்? (ஐரோப்பியர் வருகை, ஜாதிக்காய்த் தீவுகள்)

சாக்பீஸ்

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் பாடமே ஐரோப்பியர்களின் வருகைதான். நான் படித்த காலத்திலிருந்து ஒரே கதை: 1453ல் துருக்கியர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்தார்கள், கிழக்கே போகிற வழி அடைபட்டது, மிளகும் பட்டையும் கிடைக்காமல் ஐரோப்பியர்கள் கடல்வழி தேடிக் கிளம்பினார்கள். போன வாரம் இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "கடைக்குச் சாமான் வாங்க வந்தவங்க எப்படி டீச்சர் கடையையே எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். பீரங்கி, பிரித்தாளும் சூழ்ச்சி என்று என்னவோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். உட்கார்ந்தாள், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும்தான் இல்லை. பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் பதில் எனக்குத் தெரியும், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வரலாறு ஆழமாகப் படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

மாலுமி

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நல்ல கேள்வி.

முதலில் அந்த 1453ஐப் பார்த்துவிடலாம். தேதிகளை வரிசையாக வைத்தாலே கதை இடிக்கிறது. போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவின் வடமுனையில் இருக்கும் செயுட்டாவைப் பிடித்தது 1415ல். மேற்குக் கரையோரமாகப் போஜடோர் முனையைத் தாண்டியது 1434ல். 1444ல் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து தென் போர்ச்சுகலில் லாகோஸ் என்ற ஊரில் அடிமைகளாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதெல்லாம் நடக்கும்போது கான்ஸ்டாண்டிநோபிள் விழவே இல்லை. அவர்கள் அப்போது தேடியது மிளகைக்கூட அல்ல, சகாரா தாண்டி ஒட்டகத்தில் வந்துகொண்டிருந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தை.

இன்னொன்று, மிளகு முக்கியமாக வந்தது செங்கடல் வழியாக எகிப்துக்கு, அங்கே அலெக்சாண்டிரியாவில் வெனிஸ் வியாபாரிகள் வாங்கினார்கள். எகிப்து துருக்கியர் கைக்குப் போனது 1517ல். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 வருஷம் கழித்து! ஆக 1498ல் வழி திறந்துதான் இருந்தது. வழியில் நின்று பங்கு எடுத்தவர்கள்தான் அதிகம், கடைசிப் பங்கு வெனிஸுக்குப் போனது. அந்தப் பங்கை லிஸ்பனுக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான் போர்ச்சுகல் அரசரின் கணக்கு.

1453க்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கருங்கடல் வியாபாரத்தை நம்பியிருந்த இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்களுக்கு அது பெரிய அடி, அவர்களுடைய பணமும் ஆட்களும் மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் நகர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கொலம்பஸும் ஜெனோவாக்காரர்தான். ஆனால் பாடப்புத்தகம் சொல்கிற மாதிரி கதவைச் சாத்தியதும் எல்லோரும் கடலில் குதித்தார்கள் என்பது சரியில்லை.

தென்றல்74

மாலுமி சொல்வது சரிதான், ஆனாலும் பணத்தாசை ஒன்றையே காரணமாகச் சொல்வது ஒருபக்கப் பார்வை. பணத்தாசை யாருக்கு இல்லை? அரபு வியாபாரிக்கு இல்லையா, குஜராத்திச் சேட்டுக்கு இல்லையா? அவர்கள் ஏன் லிஸ்பனுக்குக் கப்பல் ஓட்டவில்லை? காரவெல் மாதிரியான கப்பல், நட்சத்திரத்தையும் சூரியனையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணிக்கிற முறை, அச்சிட்ட வரைபடம், அதற்கு மேல் தெரியாத இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற துணிச்சல், இதையும் சொல்லியாக வேண்டும். 1595ல் கிளம்பிய முதல் டச்சுக் கப்பல்களில் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் உயிரோடு திரும்பினார்கள். அந்தத் துணிச்சலை மறைத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

மாலுமி

தென்றல் அண்ணா, துணிச்சலை யாரும் மறைக்கவில்லை. ஆனால் தொழில்நுட்பம் அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. திசைகாட்டி சீனாவிலிருந்து வந்தது. செங் ஹேயின் சீனக் கப்பற்படை 1405லிருந்து 1433 வரை இதே இந்தியப் பெருங்கடலில் ஏழு தடவை வந்து போனது, எந்தக் காரவெலையும்விடப் பெரிய கப்பல்களோடு. வாஸ்கோட காமா ஆப்பிரிக்கா வரைக்கும்தான் தன் திறமையில் வந்தார், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியது இந்தக் கடலை நன்றாக அறிந்த உள்ளூர் மாலுமி ஒருவர். அரபு வியாபாரியும் குஜராத்தியும் ஏன் லிஸ்பன் போகவில்லை என்றால், போக அவசியம் இல்லை. லிஸ்பனில் வாங்குவதற்கு என்ன இருந்தது?

இதில்தான் டீச்சர் கேட்டதற்கான முதல் பதில் இருப்பதாக நினைக்கிறேன். வாஸ்கோட காமா கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குக் கொண்டுவந்த பரிசுப் பட்டியலைப் பாருங்கள்: கொஞ்சம் துணி, தொப்பிகள், பவழச் சரம், கை கழுவும் பாத்திரங்கள், ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை அதிகாரிகள் பார்த்துச் சிரித்தார்களாம், மெக்காவிலிருந்து வரும் சாதாரண வியாபாரிகூட இதைவிட நன்றாகக் கொடுப்பான் என்று. நம் ஊர்ப் பந்தியில் மொய் எழுதுகிற இடத்தில் வெறுங்கையோடு போய் நின்ற மாதிரி. சரக்கு இல்லை. அடுத்த தடவை, 1502ல், பீரங்கிகளோடு வந்தார். மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலை ஆட்களோடு கொளுத்தினார், கோழிக்கோட்டின் மேல் குண்டு போட்டார். அதன்பின் வந்தவர்கள் இந்தக் கடலில் ஓடும் கப்பல் எல்லாம் போர்ச்சுகீசியரிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள், இல்லாத கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தையில் விற்க ஒன்றும் இல்லாதவன் சந்தைக்குப் போகிற பாதையில் சாவடி போட்டுக்கொண்டான்.

ஆனைமலையான்

நான் விவசாயி, வரலாறு அதிகம் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக ஜாதிக்காய் போட்டிருக்கிறோம். வியாபாரி ஒருவர் காய் எடுக்க வந்தபோது, "இந்தக் காய்க்காக ஒரு தீவையே காலி பண்ணினார்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தோப்பில் காய் பொறுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காய் முற்றினால் வெளிர் மஞ்சள், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு. மரத்திலேயே நடுவில் கீறல் விட்டு வெடிக்கும். பிளந்தால் உள்ளே கருப்பாகப் பளபளவென்று ஒரு கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னின மாதிரி ஒரு உறை. அந்தச் சிவப்புதான் ஜாதிபத்திரி, கிழியாமல் உரிக்க வேண்டும், உரித்துக் காயவைத்தால் ஆரஞ்சு நிறமாகிவிடும். கருப்பு ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பதுதான் நாம் கடையில் வாங்குகிற ஜாதிக்காய். விதை போட்டு வளர்த்தால் காய்ப்புக்கு ஏழெட்டு வருஷம், அதிலும் ஆண் மரமா பெண் மரமா என்பது பூத்தால்தான் தெரியும். குழந்தைக்கு உரசிக் கொடுக்கிற இந்தக் காய்க்கு அப்படி என்ன சண்டை?

நெய்தல்நிலம்

ஆனைமலையான் அண்ணே, உங்கள் வியாபாரி சொன்னது உண்மை. டீச்சர் கேட்டதற்கும் அதில் நேரடியான பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில், மலுக்கா பகுதியில், பண்டா என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம். நெய்ரா, லோந்தோர், ஐ, ருன் என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய தீவுகள், நடுவில் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும் ஒரு எரிமலை. 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் உலகச் சந்தைக்கு ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வந்தது இந்த ஒரு இடத்திலிருந்துதான். ராஜா கிடையாது. ஓராங் காயா எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஜாவா, மலாய், அரபு வியாபாரிகள் வந்து வாங்கிப் போவார்கள். தீவில் நெல் விளையாது, அரிசியும் சாகோ என்ற பனை மாவும் துணியும் இந்த வியாபாரிகள் கொண்டுவந்தால்தான் உண்டு. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் வேர் இதில்தான்.

போர்ச்சுகீசியர்கள் 1511ல் மலாக்காவைப் பிடித்துவிட்டு 1512ல் பண்டாவுக்கு வந்தார்கள். அவர்களால் அங்கே நிலையாகக் காலூன்ற முடியவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து வாங்கிப் போனார்கள். டச்சுக்காரர்கள் வந்தது 1599ல். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதும் சுவாரஸ்யம்: 1580ல் போர்ச்சுகல் ஸ்பெயின் அரசரின் கைக்குப் போனது, ஸ்பெயினோடு டச்சுக்காரர்கள் போரில் இருந்தார்கள், லிஸ்பனில் வாங்கி விற்கிற பிழைப்பு ஆட்டம் கண்டது. கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் போர்ச்சுகீசியரின் கடல்வழிக் குறிப்புகளை எல்லாம் சேர்த்து 1596ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அப்புறம் யார் தடுப்பது?

1602ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) முதலீடு, பொதுமக்களே பங்கு வாங்கலாம். இயக்குநர் ஒருவர் வீட்டில் வேலை செய்த பெண்கூட 100 கில்டர் போட்டிருக்கிறாள். அந்தக் கம்பெனிக்கு நாடாளுமன்றம் எழுதிக்கொடுத்த பட்டயத்தில் வியாபாரம் செய்யும் உரிமை மட்டும் இல்லை. கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், போர் தொடுக்கலாம், அரசர்களோடு ஒப்பந்தம் போடலாம். டீச்சர், உங்கள் மாணவி கேட்ட "எப்படி"க்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தாளைத்தான். வந்தது வெறும் வியாபாரி இல்லை, போர் செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்த வியாபாரி.

அதே 1602ல் சில ஓராங் காயாக்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: இனி ஜாதிக்காயை டச்சுக்காரர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு. எல்லாப் பெரியவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டவர்களாலும் அதைக் காப்பாற்ற முடியாது. டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது கம்பளித் துணியும் வெல்வெட்டும், அந்த வெக்கையில் யார் உடுத்துவது? போதுமான அரிசி கொண்டுவரவில்லை. பழைய வியாபாரிகளை விட்டால் பட்டினி. அதனால் ஜாவாக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். டச்சுக்காரர்கள் அதை ஒப்பந்த மீறல், துரோகம் என்று எழுதி வைத்தார்கள். 1609ல் நெய்ராவில் கோட்டை கட்டத் தொடங்கியபோது பண்டாக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து வெர்ஹூஃபன் என்ற கடற்படைத் தலைவரையும் அவர் ஆட்களையும் பதுங்கியிருந்து கொன்றார்கள். அந்தப் பயணத்தில் இருந்த இளம் வியாபாரிகளில் ஒருவர் யான் பீட்டர்சோன் கூன். வியாபாரம் இல்லாமல் போர் இல்லை, போர் இல்லாமல் வியாபாரம் இல்லை என்று 1614ல் கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதியவர் இவர்தான்.

1621ல் அவர் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். 13 பெரிய கப்பல்கள், சுமார் 1,600 சிப்பாய்கள், கூடவே ஜப்பானியக் கூலிப்படை. லோந்தோர் தீவு சில நாட்களில் விழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் பணிந்தார்கள், ஆயுதங்களைக் கொடுத்தார்கள். சேலமோன் என்ற ஊரில் பள்ளிவாசலையே டச்சு அதிகாரி தன் தங்குமிடமாக்கிக்கொண்டார். ஒரு ராத்திரி அங்கே தொங்கிய விளக்கு அறுந்து விழுந்தது. தாக்குதலுக்குக் கொடுத்த சைகை என்று டச்சுக்காரர்கள் பதறினார்கள். அதற்குப் பிறகு கைது, சித்திரவதை, சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலம்.

1621 மே 8. நெய்ராவில் நாசாவ் கோட்டைக்கு வெளியே மூங்கிலால் வட்டமாக ஒரு பட்டி கட்டினார்கள், ஆட்டுப்பட்டி மாதிரி. 44 பேரைக் கயிற்றால் கட்டி உள்ளே விட்டார்கள். ஆறு ஜப்பானிய வீரர்களை வாளோடு அனுப்பினார்கள். கட்டப்பட்டிருந்தவர்களில் ஒருவர் டச்சு மொழியிலேயே "ஐயாமார்களே, இரக்கமே கிடையாதா?" என்று கேட்டதாக டச்சுத் தரப்பிலேயே எழுதிய குறிப்பு இருக்கிறது. அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களோடு பேரம் பேசிப் பேசி அந்த மொழியைக் கற்றுக்கொண்ட மனிதராக இருந்திருப்பார்.

தீவுகளில் சுமார் 15,000 பேர் வாழ்ந்தார்கள் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். வாளுக்கும் பட்டினிக்கும் நோய்க்கும் போனவர்கள், மலை முகட்டிலிருந்து குதித்தவர்கள், படகேறித் தப்பியவர்கள், பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றப்பட்ட சில நூறு பேர், எல்லாம் கழிந்து தீவில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் கொஞ்சம் பேரைக் கம்பெனி வைத்துக்கொண்டதற்குக் காரணம், ஆனைமலையான் அண்ணே, நீங்கள் சொன்னதுதான். எந்த மரம் பெண் மரம், எப்போது பறிப்பது, ஜாதிபத்திரியை எப்படிக் கிழியாமல் உரிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே.

ஆனைமலையான்

படித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்த மரங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் பிறகு?

நெய்தல்நிலம்

தோப்புகளை 68 துண்டுகளாக்கி ஐரோப்பியர்களுக்குக் குத்தகை மாதிரி கொடுத்தார்கள். பெர்கனியர் என்று அவர்களுக்குப் பெயர். கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்கே விற்க வேண்டும். வேலைக்கு அடிமைகள். அக்கம்பக்கத் தீவுகள், ஜாவா, மலபார், நம்முடைய சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். உரிமையாளர் வெளியூர், வேலையாள் வெளியூர், விற்கிற சந்தை வெளியூர், மரம் மட்டும் உள்ளூர். பிற்காலத்து ரப்பர், தேயிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது.

தென்றல்74

நடந்தது கொடுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 400 வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இன்றைய அளவுகோலால் அளப்பது சரியா என்று ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். ராஜேந்திர சோழன் 1025ல் கடாரத்தின் மேல் படையெடுத்ததைக் கொண்டாடுகிறோம். அங்கே இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நாம் செய்தால் வெற்றி, வெள்ளைக்காரன் செய்தால் ஆக்கிரமிப்பா?

நெய்தல்நிலம்

நியாயமான கேள்வி அண்ணா. கடாரப் படையெடுப்பை நான் கொண்டாடுவதில்லை, அதில் கொள்ளை இருந்தது, மெய்க்கீர்த்தியே பெருமையோடு அதைச் சொல்கிறது. ஆனால் அந்தப் படை அடித்தது, எடுத்தது, திரும்பியது. ஒரு பயிரை வைத்துக்கொண்டு அதை வளர்த்த மக்களை அப்புறப்படுத்தி, வேறு கரையிலிருந்து ஆட்களை வாங்கி நட்டு, லாபத்தை ஆண்டுதோறும் முகம் தெரியாத பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு அதில் இல்லை. எனக்கு வித்தியாசமாகப் படுவது அந்த ஏற்பாடுதான், வாள் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 100 கில்டர் போட்ட அந்த வேலைக்காரப் பெண் பண்டாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"அந்தக் காலத்து அளவுகோல்" பற்றி: கூனுக்கு முன் கவர்னர் ஜெனரலாக இருந்த லாரன்ஸ் ரியால், அதற்கும் முன்பே மலுக்காவில் பணியாற்றிய ஸ்டீவன் வான் டெர் ஹாகன், இரண்டு பேருமே தீவு மக்களைப் பட்டினி போட்டு ஏகபோகம் நடத்துவது அநியாயம் என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்த்தவர்கள். டச்சுக்காரர்கள் ஸ்பெயினிடமிருந்து தங்கள் நாட்டை மீட்கப் போராடிக்கொண்டிருந்த காலம் அது, பண்டாக்காரர்களும் அதையேதான் செய்தார்கள் என்பது அவர்களுடைய ஆட்கள் சிலருக்கே உறைத்திருந்தது. அதனால் அன்றைய மனிதர்களின் அளவுகோலில் வைத்தாலும் அது தப்புதான்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சோழமண்டலக் கரை என்று வந்ததால் இதையும் சேர்க்கிறேன், ஆசிரியைக்குப் பயன்படும்.

மலுக்காவில் கிராம்பு, ஜாதிக்காய் வாங்க வெள்ளிக்காசைவிட நன்றாகச் செல்லுபடியானது சோழமண்டலத்துத் துணி. கம்பளி விலைபோகாது என்பது டச்சுக்காரர்களுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அதனால்தான் 1610ல் பழவேற்காட்டுக்கு வந்தார்கள், 1613ல் அங்கே ஹெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையை மலுக்காவின் இடது கை என்றே அவர்களுடைய அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் தமிழ்க் கரைக்கு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தது தமிழ்நாட்டுக்காக அல்ல, பண்டாவுக்காக. பஞ்சம் வந்த வருஷங்களில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் துறைகளிலிருந்து துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்கள். பட்டாவியாவுக்கும் வேறு தீவுகளுக்கும் போன அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

எங்கள் பக்கம் போர்த்துக்கேயர் 1619ல் சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். தோம்பு என்று காணிப் பதிவேடு எழுதினார்கள், 1707ல் எங்கள் ஊர் வழக்கங்களான தேசவழமையைச் சட்டமாகத் தொகுத்தார்கள். இன்றைக்கும் காணி வழக்கில் தேசவழமை பேசப்படுகிறது. எங்கள் அப்பப்பா காணி உறுதியைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார், இடப்பெயர்வில் வீட்டுச் சாமான் எல்லாம் விட்டுப் போனபோதும் அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆண்டவர்கள் வரி வாங்க எழுதத் தொடங்கிய பதிவுதான், அதுதான் எங்கள் நிலத்துக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. இதை நன்மைப் பக்கம் எழுதுவதா தீமைப் பக்கம் எழுதுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாக்பீஸ்

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். அமெரிக்காவில் ஸ்பெயின்காரர்கள் வந்த சில வருஷத்தில் பெரிய பேரரசுகளே விழுந்துவிட்டன. ஆனால் நம் பக்கம் 1498லிருந்து 250 வருஷம் கரையோரக் கோட்டைகளோடுதானே இருந்தார்கள்? ஏன் இந்த வித்தியாசம்? இதையும் அவள் கண்டிப்பாகக் கேட்பாள்.

மாலுமி

பெரிய காரணம் நோய். அமெரிக்க மக்களுக்குப் பெரியம்மையும் தட்டம்மையும் முன்பின் தெரியாது. 1520ல் அஸ்டெக் பேரரசின் தலைநகரான டெனோச்டிட்லானில் பெரியம்மை புகுந்தது, நகரம் விழுந்தது 1521ல். ஸ்பெயின் படைத்தலைவர் கோர்டெஸோடு சேர்ந்து பல்லாயிரம் உள்ளூர் எதிரிப் படைகளும் சண்டை போட்டன என்பதையும் சொல்லுங்கள், சில நூறு ஸ்பெயின்காரர்கள் தனியாக ஜெயித்த கதை இல்லை அது. நம் பக்கம் அந்த நோய்கள் ஆயிரம் வருஷமாகப் பழக்கம். மலேரியாவிலும் பேதியிலும் செத்தது அவர்கள்தான். பெரிய அரசுகளும் பெரிய படைகளும் இங்கே இருந்தன. அதனால் பண்டா மாதிரி ராஜாவும் படையும் இல்லாத சின்ன இடங்களில்தான் முழுசாகக் கை வைக்க முடிந்தது.

இரண்டையும் இணைப்பது வெள்ளி. பொலிவியாவில் போட்டோசி மலையில் 1545ல் வெள்ளி கண்டுபிடித்தார்கள். 1570களில் மீத்தா என்ற கட்டாய வேலைமுறையை ஒழுங்குபடுத்தி, சுற்றுவட்டாரக் கிராமங்கள் முறைவைத்து ஆண்களைச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த வெள்ளிதான் ஸ்பெயினின் செவில்லுக்கும் மணிலாவுக்கும் போய், அங்கிருந்து கைமாறிக் கைமாறிச் சீனப் பட்டுக்கும் நம் துணிக்கும் மிளகுக்கும் விலையாக வந்தது. வாஸ்கோட காமா கையில் இல்லாத சரக்கு, அமெரிக்க மலையைத் தோண்டிய பிறகுதான் ஐரோப்பியர் கையில் வந்தது.

அப்புறம் ஒரு சின்னத் தகவல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பண்டாவில் ருன் தீவை ஆங்கிலேயர்கள் தங்களுடையது என்று விடாமல் சொல்லி வந்தார்கள். 1667 பிரெடா உடன்படிக்கையில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்கள், டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனை, அதாவது இன்றைய நியூயார்க்கின் நடுப்பகுதியை, விட்டுக்கொடுத்தார்கள். ருன் சில கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. அன்றைக்கு டச்சுக்காரர்கள் தங்களுக்குத்தான் லாபம் என்று நினைத்தார்கள்.

தென்றல்74

மீத்தா பற்றி எனக்குத் தெரியாது, படிக்கிறேன். என் தரப்பிலிருந்து ஒன்று. விளைவு என்று பேசும்போது அடுக்களையை விட்டுவிடாதீர்கள் டீச்சர். மிளகாய் அமெரிக்கச் செடி, போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகைப் போல உறைக்கிற காய் என்பதால் மிளகாய். அதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். இன்றும் திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காத வீடுகள் உண்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் பாட்டி அன்றைக்கு மட்டும் மிளகு அரைப்பார், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதுவும் உள்ளே வராது, அதை "சீமைக் காய்" என்று ஒதுக்கி வைப்பார். நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி, சோளக்கதிர் என்று நாம் சொல்கிற மக்காச்சோளம் எல்லாமே அதே வழியில் வந்தவைதான். பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும். சாவி, ஜன்னல், அலமாரி போர்ச்சுகீசியச் சொல், துட்டு டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது.

நான் முதலில் துணிச்சல் என்று எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 44 பேரைப் பற்றி எனக்கு இதுவரை தெரியாது, 50 வயதில் இங்கேதான் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனைமலையான்

அந்த மரம் எங்கள் தோப்புக்கு எப்படி வந்தது?

நெய்தல்நிலம்

டச்சுக்காரர்கள் ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் ஏற்றுமதி செய்தார்கள், வேறு எங்கும் முளைத்துவிடக் கூடாது என்று. அப்படியும் 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் நாற்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்திக் கொண்டுவரச் செய்தார். 1796ல் ஆங்கிலேயர்கள் பண்டாவைப் பிடித்ததும் கன்றுகளை அள்ளிப் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள், நம் குற்றாலத்திலும் கம்பெனித் தோட்டத்தில் நட்டார்கள். பிறகு கரீபியனில் கிரெனடாவுக்குப் போய், இப்போது அந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. மரம் பரவியதும் பண்டாவின் ஏகபோகம் முடிந்தது, கம்பெனி அதற்கு முன்பே 1799 கடைசியில் கடனில் மூடப்பட்டது.

தப்பியவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1621ல் படகேறிய பண்டாக்காரர்கள் கிழக்கே கேய் தீவுகளில் கரையேறினார்கள். அங்கே பண்டா எலி, பண்டா எலாட் என்று இரண்டு ஊர்கள். பண்டா மொழி இன்று பேசப்படுவது பண்டாவில் இல்லை, அந்த இரண்டு ஊர்களில்தான்.

வடமராட்சி

கடைசி வரியை வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டவர்களுக்கு விளங்கும்.

சாக்பீஸ்

நாளை மறுநாள் அதே வகுப்பு. 1453ஐத் தேர்வுக்காக எழுதச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே 1415, 1498, 1517 மூன்றையும் போர்டில் எழுதி அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லப் போகிறேன். அப்புறம் பண்டா. 44 பேர் விஷயத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த ஒருவர் கேட்ட கேள்வியைக் கண்டிப்பாகச் சொல்வேன். கடையில் ஜாதிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன், ஆளுக்கொரு தடவை முகர்ந்து பார்க்கட்டும். ஆனால் ஆனைமலையான் சொன்ன அந்தச் சிவப்பு வலையைக் காட்ட முடியாதே என்றுதான் குறை.

ஆனைமலையான்

டீச்சர், இப்போது மரத்தில் பிஞ்சுதான். ஆனி ஆடியில் மழை பிடித்ததும் காய் வெடிக்க ஆரம்பிக்கும். உங்கள் பள்ளிக்கூட விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், காம்போடு பத்துக் காய் வாழைமட்டையில் சுற்றிப் பார்சல் போடுகிறேன். வந்த அன்றே பிளந்து காட்டிவிடுங்கள், இரண்டு நாள் விட்டால் சிவப்பு மங்கிவிடும். ஒரு கன்றும் சேர்த்து வைக்கிறேன், நிழலான இடமாகப் பார்த்து வையுங்கள். ஒட்டுக்கன்றுதான், பெண் மரம்.